மயிலாப்பூரிலிருந்து மெரினா வரை: சென்னையை ஒரே நாளில் நடந்து பார்க்க

சென்னையை நடந்து பார்க்கப் புறப்படுகிறவர்கள் பலர் வரைபடத்தைப் பார்த்து வழியைத் தீர்மானிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதை அடுத்ததாகப் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பதினொன்றரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் நடை சாத்துகிறார்கள். ஒரு மணிக்குச் சாப்பிட இடம் தேடி அலைகிறார்கள். மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஊரில் எதை எப்போது பார்ப்பது என்பதை வெயிலும், கோயில் நடை திறக்கும் நேரமும், சாப்பாட்டு நேரமும்தான் முடிவு செய்ய வேண்டும். தூரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

அந்தக் கணக்கில் போடப்பட்ட வழி இது. காலையில் மயிலாப்பூர், வெயில் ஏறும்போது சாந்தோம், கலங்கரை விளக்கம். மதியம் சாப்பாடும் ஓய்வும். மூன்றேகாலுக்குத் திருவல்லிக்கேணி, இருட்டும் நேரத்தில் மெரினா. நடை மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர். கோயிலுக்குள்ளும் மணலிலும் நடப்பதைச் சேர்த்தால் 11 வரை வரும். கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் இதோடு சேர்க்காதீர்கள். அவற்றுக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

இந்த வழிக்கு இன்னொரு வசதியும் உண்டு. கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் இதற்கு ஏறக்குறைய இணையாகவே ஓடுகிறது. திருமயிலை, முண்டகக்கண்ணி அம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. குழந்தைக்கு முடியவில்லை, பெரியவர்களுக்கு முழங்கால் வலிக்கிறது என்றால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொண்டு ரயில் ஏறிவிடலாம்.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை கபாலீசுவரர் கோயிலில் கூட்டம் நெரியும். சனிக்கிழமை பார்த்தசாரதி கோயிலில் அதே கதை, புரட்டாசிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம். ஞாயிறு மாலை மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. ஆக, செவ்வாய், புதன், வியாழன்தான் மிஞ்சுகின்றன. அவற்றில் புதனும் வியாழனும் நல்லவை.

மாதம் என்றால் தையும் மாசியும். மார்கழியில் வந்தால் விடிவதற்கு முன்பே மாட வீதிகளில் பஜனை கோஷ்டி வரும், வாசல்தோறும் பெரிய கோலம் இருக்கும். அதற்காகவே ஐந்து மணிக்கு வந்து சேரலாம். ஆனால் வைகுண்ட ஏகாதசியன்று திருவல்லிக்கேணிப் பக்கம் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் விழாவன்று, மயிலாப்பூரில் சுற்றிப் பார்க்க முடியாது. அன்று கூட்டம் தள்ளுகிற பக்கம் நகரத்தான் முடியும். அதைத் தனியாக ஒருநாள் வந்து பாருங்கள், கட்டாயம் பார்க்க வேண்டிய விழா. ஐப்பசி, கார்த்திகையில் மழை நாளைக் கெடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் இந்த வழியின் காலைப் பகுதியை மட்டும் முடித்துக்கொண்டு வீடு திரும்புவதே உடம்புக்கு நல்லது.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்ட நாளில் வாலாஜா சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், ரயிலில் மூச்சு முட்டும்.

காலும் பையும்

முதலில் செருப்பு. குறைந்தது மூன்று இடங்களில் கழற்ற வேண்டியிருக்கும். கயிறு கட்டும் ஷூ ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடத்தைத் தின்னும். பின்பக்கம் பட்டை உள்ள, நன்றாகப் பழகிய சாண்டல்தான் இந்த வழிக்குச் சரி. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். ரப்பர் சப்பலில் ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் பெருவிரல் இடுக்கு புண்ணாகிவிடும். கொப்புளம் வருவதற்குக் காரணம் தூரத்தைவிட ஈரம்தான். வியர்வையில் ஊறிய தோல் உராயும்போதுதான் உரிகிறது. எங்காவது சுருக்கென்று ஒரு சூடு தெரிந்தால் அப்போதே நின்று, துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டிப் பெரிதாகப் பயனில்லை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். தீரத் தீர நிரப்பிக்கொள்ளலாம். மூன்று லிட்டரை முதுகில் சுமந்தால் மதியத்துக்குள் தோள் கழன்றுவிடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்த்துக்கொட்டினால் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். நடுவில் மோர், இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு என்று ஏதாவது உள்ளே போகட்டும். தொப்பி அல்லது குடை (குடையே மேல், காற்றோட்டம் இருக்கும்), ஒரு பருத்தித் துண்டு, பத்து இருபது ரூபாய்த் தாள்களில் ஒரு இருநூறு ரூபாய், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை. உடை முழங்காலை மூடட்டும். அரை டிராயரோடு வந்தால் கோயில் வாசலில் சங்கடம்.

பெண்களுக்கு இந்த வழியில் உண்மையான கஷ்டம் கழிப்பறை. கிடைக்கிற இடத்தில் போய்விட வேண்டும் என்பதே விதி. காலையில் சிற்றுண்டி சாப்பிடும் ஹோட்டல், மதியம் சிட்டி சென்டர் மால், மாலையில் காபி குடிக்கும் கடை, இந்த மூன்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் பொதுக் கழிப்பறைகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம்.

ஆறு மணி: மயிலாப்பூர்

திருமயிலை நிலையத்தில் இறங்கினால் லஸ் முனை. மெட்ரோ வேலைக்காக இந்தப் பகுதியில் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. செல்போன் வரைபடம் காட்டுகிற குறுக்குவழி அடைபட்டிருக்கலாம். காலை ஆறு மணிக்குத் தெருவில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ‘கோயிலுக்கு இப்படிப் போங்க’ என்று கை காட்டுவார்கள், அதை நம்பலாம். பத்து நிமிட நடை.

கபாலீசுவரர் கோயிலுக்கு இரண்டு வாசல். கிழக்கே சுமார் 120 அடி உயர ராஜகோபுரம், மேற்கே குளத்தைப் பார்த்த வாசல். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து, செருப்புக்காக வெறுங்காலோடு தெருவைச் சுற்றி நடப்பார்கள். எந்த வாசலில் விட்டீர்களோ அதே வாசலில் திரும்புங்கள், அல்லது செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிராகாரத்தின் கருங்கல் தளம் காலை ஏழு மணிக்குச் சுகமாக இருக்கும். பத்தரைக்கே சுடும்.

கபாலீசுவரர் மேற்கு நோக்கியும் கற்பகாம்பாள் தெற்கு நோக்கியும் நிற்கிறார்கள். பிராகாரத்தில் புன்னை மரத்தடியில் அம்மை மயிலாக இருந்து சிவனைப் பூசிக்கும் சிற்பம் உண்டு. ஊரின் பெயருக்கே காரணமான கதை அது. அவசரமாகச் சுற்றி வருகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். படம் எடுக்க நினைத்தால், காலையில் கிழக்குக் கோபுரத்தைச் சன்னதித் தெருவிலிருந்து எடுங்கள், வெயில் நேராகக் கோபுரத்தின் மேல் விழும். குளத்தின் மேற்குக் கரையிலிருந்து அந்த நேரத்தில் எடுத்தால் சூரியன் எதிரே நின்று படம் கறுத்துப்போகும். அந்தக் காட்சி மாலைக்குரியது.

சிற்றுண்டியை எட்டு மணிக்குள் முடியுங்கள். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியே பொங்கலும் பஜ்ஜியும் கொடுக்கும் ஜன்னல் கடை, மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். இவை எல்லாமே சின்ன இடங்கள், இருக்கிறது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒன்பதரைக்குப் போய் ‘இட்லி இல்லையா’ என்று வருத்தப்படுவதில் பயனில்லை. வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி போதும். நெய்ப் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டு வெயிலில் நடப்பது கொடுமை. அருண்டேல் தெருவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பேயாழ்வார் அவதரித்த இடமாக வைணவர்கள் போற்றுவது அந்தத் தெருவைத்தான். அவர் பாடிய திருவல்லிக்கேணிப் பெருமாளைத்தான் மாலையில் பார்க்கப் போகிறோம்.

பிறகு நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்று, சுமார் ஒரு கிலோமீட்டர். வேகமாகப் போனால் ஒன்றும் தெரியாது, முக்கால் மணி நேரம் கொடுங்கள். தெற்கு மாட வீதியில் தரையில் கடை விரித்த காய்கறிகள், வாழைத்தண்டு, சுண்டைக்காய், வாழைப்பூ. வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகள் நடைபாதை முழுக்க நிற்கும். பரத நாட்டிய நகைகள், பூஜைச் சாமான்கள், பித்தளை விளக்குகள் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும். ஆனால் கனமான எதையும் இப்போது வாங்காதீர்கள். நாள் முழுக்க நீங்கள்தான் தூக்க வேண்டும். கோயிலருகே காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

நேரம் கையில் இருந்தால் லஸ் சர்ச் சாலையில் போர்ச்சுகீசியர் 1516-ல் கட்டியதாகக் கல்வெட்டு சொல்லும் லஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம். கோயிலிலிருந்து எதிர்த்திசையில் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஒன்பது மணி தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்பதரை: சாந்தோம்

கச்சேரி சாலை வழியாகக் கிழக்கே நடந்தால் சாந்தோம் நெடுஞ்சாலை, சுமார் 1.3 கிலோமீட்டர். வழியில் நாட்டு மருந்துக்குப் பேர்போன டப்பா செட்டி கடை. சுக்கு, அதிமதுரம் வாங்க நினைப்பவர்களுக்கு இது எடை இல்லாத நல்ல நினைவுப்பொருள். இந்தச் சாலையில் எந்தப் பக்கம் நடப்பது என்பது முக்கியம். மார்கழியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பக்கத்துக் கட்டடங்கள் தங்கள் காலடியிலேயே நிழல் போடும். அந்த நடைபாதையிலேயே நடங்கள். சித்திரை வைகாசியில் இந்தச் சலுகை கிடையாது, குடைதான்.

சாந்தோம் பேராலயம் இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை மேல் எழுந்தது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை இடித்துவிட்டு, இன்றுள்ள வெள்ளைக் கோதிக் கட்டடத்தை 1896-ல் கட்டி முடித்தார்கள். கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்குப் பின்புறம் தனி வழி உண்டு. முன்வாசலில் நுழைந்து பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முக்கியமானதைப் பார்க்காமலே போகிறார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குக் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். திருப்பலி நடந்தால் பின் வரிசையில் அமைதியாக உட்காருங்கள். வெளியே வெயில் ஏறும் நேரத்தில் அந்த உயரமான கூரைக்கடியில் உட்கார்ந்திருப்பதே உடம்புக்கு ஓய்வு.

மயிலாப்பூர்க் கோயிலும் இந்த இடமும் ஒட்டிய வரலாறு உடையவை. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில் இருந்தது என்றும், போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தபின் இன்றுள்ள இடத்தில் எழுப்பப்பட்டது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சாந்தோம் வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் நடந்து பார்ப்பதில்தான் இந்த வரலாறு மனதில் பதியும்.

பத்தே முக்கால்: கலங்கரை விளக்கம்

பேராலயத்துக்குப் பின்னால் கடலோரமாக லூப் ரோடு. நொச்சிக்குப்பம் மீன் விற்பனை இங்கேதான். மீன் நாற்றம் பழக்கமில்லாதவர்கள் நெடுஞ்சாலை வழியாகவே போகலாம். எப்படிப் போனாலும் தூரம் அதிகமில்லை. நிழல் குறைவு. நாளின் கஷ்டமான துண்டு இதுதான், இருபது நிமிடத்தில் கடந்துவிடுங்கள்.

சிவப்பும் வெள்ளையுமாக முக்கோண வடிவில் நிற்கும் இந்த விளக்கு 1977 முதல் எரிகிறது. லிஃப்ட் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் மேலே போகலாம், கடைசியில் சில படிகள் மட்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கேமராவுக்குத் தனிக் கட்டணம். மதிய இடைவேளைக்கு மூடிவிடுவார்கள் என்பதால் பன்னிரண்டுக்குள் மேலே ஏறிவிட வேண்டும். மேலிருந்து பார்த்தால் வடக்கே மெரினாவின் மணல் எவ்வளவு அகலம் என்பது தெரியும். அந்த மணல் ஆதியிலிருந்தே அப்படி இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் இழுத்துச் செல்லும் மணல் அங்கே தடைபட்டுத் தென்பக்கம் சேர்ந்துகொண்டே வந்தது. அதே காரணத்தால் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது.

பன்னிரண்டு முதல் மூன்று வரை: நடக்காதீர்கள்

இதைத்தான் பலர் கேட்பதில்லை. கோயில்களும் அப்போது சாத்தியிருக்கும். ராதாகிருஷ்ணன் சாலைக்கு வந்து (இந்த ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ எடுத்தாலும் குற்றமில்லை) மதியச் சாப்பாட்டை முடியுங்கள். பிறகு ஏ.சி. உள்ள இடத்தில் ஒரு மணி நேரமாவது காலை நீட்டி உட்காருங்கள். செருப்பைக் கழற்றி உள்ளங்கால் உலரட்டும். இந்த ஓய்வை வெட்டி நேரம் மிச்சம் பிடிப்பவர்கள் ஐந்து மணிக்குத் தலைவலியோடு சுருண்டுவிடுகிறார்கள், மெரினா கிடைப்பதில்லை.

கலங்கரை விளக்கம் என்ற பெயரில் உள்ள பறக்கும் ரயில் நிலையம் விளக்கின் அருகில் இல்லை. சிட்டி சென்டர் பக்கம், கால்வாய்க் கரையில் இருக்கிறது. பெயரை நம்பிக் காலையில் அங்கே இறங்கியவர்கள் வெயிலில் நடந்திருக்கிறார்கள். ஆனால் இப்போது உங்களுக்கு அது வசதி. மூன்று மணிக்கு அங்கே ஏறி, அடுத்த நிலையமான திருவல்லிக்கேணியில் இறங்குங்கள்.

மூன்றேகால்: திருவல்லிக்கேணி

முதலில் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம். ஐஸ் ஹவுஸ் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க ஃபிரெடரிக் டியூடர் 1842-ல் கட்டியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கினார். அரை மணி நேரம் போதும்.

அடுத்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு. அரசு நினைவில்லம் என்பதால் கோயிலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பூட்டியிருக்கலாம். இதை முதலில் பாருங்கள். நான்கு மணிக்குப் பார்த்தசாரதி கோயில் நடை திறக்கும். மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு, கையில் சங்கு மட்டும்தான், சக்கரம் கிடையாது. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்கு. உற்சவர் முகத்தில் அம்பு பட்ட தழும்புகளையும் பார்க்கலாம். கிழக்கே பார்த்தசாரதி, மேற்கே நரசிம்மர் என இரு திசைச் சன்னதிகள், இரண்டு கொடிமரங்கள். கோயில் பல்லவர் காலத்தது, தந்திவர்மன் கல்வெட்டு இங்கே உண்டு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. பிரசாதக் கடையில் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் வாங்குங்கள், ஒரு தொன்னையை இரண்டு பேர் பகிர்ந்தால் போதும்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் ரத்னா கபே. சாம்பாரில் மிதக்கும் இட்லி, ஒரு காபி, கழிப்பறை. அதே சாலையில் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் அனுமதி கேட்டு முற்றம் வரை போகலாம். ஆற்காட்டு நவாப்புகளின் சேப்பாக்கம் அரண்மனை (1768) வாலாஜா சாலையின் கடல் முனைக்கு அருகே இருக்கிறது. அரசு அலுவலகங்கள் உள்ளதால் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது.

ஐந்தரை: மெரினா

காமராஜர் சாலையைச் சிக்னலில் அல்லது சுரங்கப்பாதையில் கடங்கள். வண்டிகள் வரும் வேகத்துக்கு இடையில் ஓடிக் கடக்கிற சாலை இதில்லை. எதிரே தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்பும் அந்தத் தசை முறுக்கைச் சுற்றி வந்து பாருங்கள். நேரமிருந்தால் தெற்கே நடந்தால் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள் வரும். திருவள்ளுவர், ஒளவையார், கண்ணகி, ஜி.யு. போப் என்று நீளும் வரிசை. வடக்கே தலைவர்களின் நினைவிடங்கள்.

சூரியன் இங்கே கடலில் மறையாது, நகரத்தின் பின்னால் மறையும். அதனால் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே மணல் மேல் மஞ்சள் வெளிச்சம் விழும் நேரமே நல்லது. தண்ணீர் வரை மணலில் சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். நாள் முழுக்க நடந்த காலுக்கு அது சாலையில் இரு மடங்கு நடந்ததற்குச் சமம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு வெறுங்காலோடு போங்கள். ஈர மணல் ஒட்டிய காலை அப்படியே செருப்புக்குள் விட்டால் திரும்பும் ஒரு கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். அந்தப் பருத்தித் துண்டு இதற்குத்தான்.

கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சரிந்துவிடுகிறது, திரும்பும் அலை காலடி மணலை அரித்து உள்ளே இழுக்கிறது. நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே மாண்டிருக்கிறார்கள். குழந்தைகள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாலும் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.

தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம். பஜ்ஜியை அப்போதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

திரும்ப இரண்டு வழி. உழைப்பாளர் சிலையிலிருந்து சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் பக்கம். அண்ணா நகர், விமான நிலையம் போகிறவர்கள் வாலாஜா சாலை வழியே அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கு இன்னும் சற்று நடக்க வேண்டும். பறக்கும் ரயில் இரவில் இடைவெளி விட்டுத்தான் வரும், அதனால் எட்டரைக்குள் நிலையத்தில் இருங்கள். ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் கடற்கரைச் சாலையில் ஆட்டோ பேரம் படியாது. வாலாஜா சாலைக்குள் இருநூறு மீட்டர் நடந்துவந்து ஏறினால் விலை இறங்கும்.